ஈரம் காயாத லேக்கர்

திண்டிவனம் ரோட்டு ஷெட் வாசலில், எஞ்சினின் அலுமினிய மூடிகள் இரண்டையும் பூங்குழலி வெயிலில் காய வைத்திருந்தாள். எமரித் தாளால் தேய்த்து, பஃப் போட்டுப் பளபளப்பாக்கி, தின்னரால் துடைத்து, விரல் படாமல் லேக்கர் என்ற நிறமில்லாத பூச்சை அடித்திருந்தாள். லேக்கர் காய்ந்துவிட்டால் அலுமினியத்தில் வெள்ளை பூக்காது. செத்துப்போன கணவன் எழிலன் ஆசையாக வாங்கி, பழுது பார்த்து முடிக்காமல் விட்டுப்போன பழைய மோட்டார் சைக்கிளின் எஞ்சின் அது.

எழிலனின் தம்பி நெடுமாறன் குட்டி யானை லோடு வண்டியில் வந்து இறங்கினான்.

"அண்ணன் வண்டி எங்க வூட்டு வண்டி. எடுத்துக்கினு போறேன்."

"அவரு ஆஸ்பத்திரில கெடந்தப்ப எங்க இருந்த? இப்ப மட்டும் அண்ணன் ஞாபகம் வருதா?"

அதுவரை 'அண்ணி, வாங்க' என்றே பேசியவன், "வாய மூடு. நீ இன்னா பெரிய மெக்கானிக்கா?" என்றான். குனிந்து இரண்டு கையாலும் மண்ணை வாரி ஈர மூடிகள் மேல் கொட்டினான்.

பூங்குழலிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கையிலிருந்த ஸ்பானரால் அவன் மண்டையை உடைத்துவிடலாமென்றே தோன்றியது. ஆனால் வண்டியிலிருந்து கழற்றிய எஞ்சின் உள்ளே பெஞ்சின் மேல் இருந்தது; அதை முதலில் காக்க வேண்டும். மூடிகளைத் தூக்கி உள்ளே போட்டு, ஷட்டரை இழுத்துப் பூட்டினாள்.

"வெளிய நிக்கிற வண்டிய தூக்கிக்கினு போ. எஞ்சின் மேல கை வெச்ச, கை இருக்காது."

எஞ்சின் இல்லாத வண்டியை ஏற்றிக்கொண்டு அவன் போனான்.

மண் ஒட்டிய லேக்கரை அவள் தின்னரில் கரைத்தாள். பளபளப்பில் கீறல் விழுந்திருந்தது. அவனைத் திட்டிக்கொண்டே மறுபடி தேய்த்து, மறுபடி அடித்தாள். காய்ந்ததும் புது கேஸ்கெட் வைத்து மூடிகளை முடுக்கி, பெஞ்சிலேயே எஞ்சினை உதைத்து ஓட்டினாள். ஒரு சொட்டு எண்ணெய் கசியவில்லை.

எஞ்சின் இல்லாத வண்டியை நெடுமாறன் அனந்தபுரத்தில் விற்கப் பார்த்தான்; யாரும் சீந்தவில்லை. நெடுமாறனின் மனைவி ஜெயசுதா வந்தாள்.

"அக்கா, எஞ்சினக் குடுத்துடுங்க. வூட்ல ஒரே சண்டையா இருக்குது."

"மண்ண வாரிக் கொட்டினவன் வந்து கேக்கட்டும்."

நெடுமாறன் வந்தான், ஆனால் கேட்கவில்லை. குட்டி யானையின் மேல் ஏறி, வண்டியை அப்படியே வாசலில் தள்ளிவிட்டான். பெட்ரோல் டேங்க் கல்லில் மோதி நசுங்கியது.

"நீயே வெச்சுக்கினு அழு!"

பூங்குழலி அழவில்லை. அவன் போன திசையில் காறித் துப்பினாள். டேங்க்கைப் புரட்டிப் பார்த்தாள். பெரிய நசுங்கல்தான், தட்டி எடுத்துவிடலாம். ஹேண்டில்பாரைப் பிடித்து வண்டியை நிமிர்த்தி, தானே உள்ளே தள்ளிக்கொண்டு போனாள்.