சாம்பல் டைலில் பச்சைப் புள்ளி

...அதுவும் என்னைத் தாண்டித்தான் போகிறான், பத்தொன்பது வருஷமாக "ரொஹாயாக்கா, நம்ம கோலாலம்பூர் மழைக்கு வழுக்காத கல்லா ஒண்ணு குடுங்க" என்று என் மேசையில் வந்து சாய்ந்து நின்ற ஃபிர்தௌஸ், இப்போது ஹுய் மின்னின் கணினி முன்னால் குனிந்து நிற்கிறான், அவள் வந்து நாலு மாதம்கூட ஆகவில்லை, கட்டடம் வரைகிற இந்த ஆபீஸில் கல்லும் மரமும் டைலும் மாதிரிக்கென்று அடுக்கி வைத்திருக்கும் நூலகர் நான், எது எந்த அலமாரியில் என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வேன், அவளோ எல்லாவற்றின் முதுகிலும் புள்ளி ஒட்டுகிறாள், இன்னும் கிடைப்பதற்குப் பச்சை, நின்றுபோனதற்குச் சிவப்பு... பொறாமையா எனக்கு? ஆமாம், பொறாமைதான், வயிறு எரிகிறது, அதற்கென்ன இப்போது?

அவன் கையில் என்ன அது... சாம்பல் டைல், ஈப்போவிலிருந்து வருவது, இல்லை, வந்துகொண்டிருந்தது, நோன்புப் பெருநாளுக்கு முன்பே தொழிற்சாலைக்காரர் என்னைக் கூப்பிட்டு இனி இதைச் செய்வதில்லை என்று சொல்லிவிட்டார், ஆனால் முதுகில் பச்சைப் புள்ளி. ஒட்டியது அவள். ஒட்டவைத்தது? "அக்கா, இது இன்னும் வருதா?" என்று அவள் கேட்ட அன்று, ஃபிர்தௌஸ் எனக்கென்றே வாங்கி வரும் நாசி லெமாக் தேங்காய்ச்சோற்றுப் பொட்டலம் அவள் மேசையில் இருந்தது, நான் "ம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்... மூன்று மணிக்கு எங்களிடம் கட்டடம் வரையக் கொடுத்த ஆஸ்பத்திரிக்காரர்கள் வருகிறார்கள், இதைக் காட்டிச் சம்மதம் வாங்கிவிட்டால் ஆறு மாடிக்கும் இல்லாத டைல் வரைபடத்தில் ஏறிவிடும், பழி அவள் தலையில், விழட்டுமே, பட்டால்தானே புத்தி வரும்... டைலோடு வாசல் பக்கம் போய்விட்டான், லிஃப்ட் வந்துவிட்டது, அவன் காலை எடுத்து வைக்கிறான்.

"ஃபிர்தௌஸ், நில்லு! அது நின்னுபோச்சு!" என் குரலா அது?

அவன் டைலைத் திருப்பிப் பார்த்தான். "நல்லவேளைக்கா, நீங்க இல்லேன்னா இன்னிக்கு என் மானம் போயிருக்கும்" என்றான், எவ்வளவு நாளாயிற்று இதைக் கேட்டு, உள்ளெல்லாம் குளிர்ந்துபோனது. "இதுல போய் யாரு பச்சை ஒட்டினது?" என்று அடுத்த கேள்வி. ஹுய் மின் என்னைப் பார்த்தாள், ஒரே பார்வை, அந்த "ம்" அவளுக்கு ஞாபகம் இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது.

"நான்தாண்ணே. சரியா விசாரிக்காம ஒட்டிட்டேன்" என்றாள் அவனிடம்.

அவன் போனதும் சிவப்புப் புள்ளித் தாளை என்னிடம் நீட்டினாள். ஒட்டினேன், தப்பு என்னுடையது என்று நான் சொல்லியிருக்க வேண்டியதல்லவா, அதிலும் அவளே முந்திக்கொண்டாளே... இப்போது எரிவதும் அதே வயிறுதானா?