மூன்று மாடி ஏறிய கல்யாணம்

கண்ணுசாமிக்கு இரண்டு கண்ணிலும் புரை. கரியாலூரில் அவருடைய கொல்லையில் விளைந்த சாமையும் ஊடே முளைத்த களையும் அவருக்கு ஒரே பச்சை மூட்டம். பஸ் வந்தால் சத்தம் மட்டும் வரும், பஸ் வராது. மோதுகிற தூரத்தில்தான் மாடு மாடாகத் தெரியும். மனைவி இறந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. வயசு ஐம்பத்திரண்டு. இந்த நிலையில்தான் அவருக்குக் கல்யாண ஆசை வந்தது.

ஆசை காது வழியாக நுழைந்தது. பள்ளிக்கூட விடுதியில் சமைக்கிற வளர்மதி அவரிடம் கீரை வாங்க வருவாள். "இன்னா மாமா, கீரைன்னு புல்லை அறுத்து வச்சிக்கினு இருக்கீங்க? புள்ளைங்களுக்குக் கொம்பு மொளைக்கவா?" என்பாள். அந்தக் குரலைக் கேட்பதற்காகவே அவர் வேண்டுமென்று கொஞ்சம் புல் சேர்த்துக் கட்ட ஆரம்பித்தார். ஒரு நாள் கீரைக்கட்டை நீட்டியபடியே கேட்டுவிட்டார்.

"வளரு, என்னைக் கட்டிக்கறியா?"

அவள் கட்டை வாங்கவில்லை.

"எம் மூஞ்சி எப்பிடி இருக்கும்னு தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியாது."

"ஒதட்டுலேர்ந்து காது வரைக்கும் வெண்புள்ளி. ஒரு பக்கம் பூரா வெள்ளை. பொண்ணு பாக்க வந்தவனுங்க காப்பி குடிச்சிட்டு எழுந்து போனதோட சரி."

"எனக்கு அதெல்லாம் ஒண்ணும் இல்ல."

"தெரியாத கண்ணுக்கு ஒண்ணும் இல்லதான். கண்ணை ஆபரேசன் பண்ணிக்கினு, என்னைப் பாத்துட்டு, அப்பறம் சொல்லுங்க. ஆடி பொறக்கறதுக்குள்ள சொல்லணும். பொறந்தா எங்க அண்ணன் என்னைக் குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்கு இட்டுக்கினு போயிடுவான்."

அப்போது ஆனி பிறந்திருந்தது. அடுத்த திங்கட்கிழமையே கண்ணுசாமி மலை இறங்கினார். ஆஸ்பத்திரியில் துணைக்கு ஆள் கேட்பார்கள் என்றார்கள். வளர்மதியே விடுதிக்கு லீவு சொல்லிவிட்டு வந்தாள். அண்ணன் சின்னதுரை முறைத்தான். "கீரைக்காரருக்கு வழி காட்டப் போறேன், ஒனக்கு இன்னா?" என்று அவனை உட்கார வைத்துவிட்டு வந்தாள்.

கள்ளக்குறிச்சியில் அந்த ஆஸ்பத்திரிக்கு மூன்று தளம். கீழே கண். முதல் மாடியில் பல். இரண்டாம் மாடியில் சர்க்கரை. லிஃப்ட் உண்டு, அன்றைக்கு அது தூங்கிக்கொண்டிருந்தது.

கண் டாக்டர் மலர்விழி விளக்கடித்துப் பார்த்தார். "நல்லா முத்தின புரை. சின்னதா ஒரு துளை போட்டு, ஒலி அலையால கரைச்சு எடுத்துட்டு, மடிக்கிற லென்ஸ் வெச்சிடலாம். தையல்கூட வேண்டாம்" என்றார். கண்ணுசாமி வேட்டியை இறுக்கிக் கட்டினார். "இப்பவே படுத்துக்கவா?"

"இருங்க. கன்னம் ஏன் வீங்கியிருக்கு?"

"அது பல்லுங்க. மாசக்கணக்கா இருக்கு. பழகிடுச்சி."

"பல்லுல சீழ் இருந்தா கண்ணைத் திறக்க மாட்டேன். அந்தக் கிருமி கண்ணுக்குள்ள வந்தா பார்வையே போயிடும். பல்லை முடிச்சிட்டு வாங்க."

மாடி ஏறினார்கள். பல் டாக்டர் செழியன் வாயைத் திறக்கச் சொன்னார், விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதித்தார், திறந்த வாயை மூடச் சொன்னார். "சர்க்கரை முன்னூத்து நாப்பது. இப்ப பிடுங்கினா புண்ணு ஆறாது. சர்க்கரையைக் கம்மி பண்ணிட்டு வாங்க."

தனக்குச் சர்க்கரை இருப்பதே கண்ணுசாமிக்கு அப்போதுதான் தெரியும். இன்னொரு மாடி. டாக்டர் நிர்மலா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "உள்ள சீழ் இருக்கிற வரைக்கும் சர்க்கரை அடங்காதுங்க. மொதல்ல அந்தப் பல்லை எடுங்க."

மறுபடியும் முதல் மாடி. அங்கே மறுபடியும் இரண்டாம் மாடி என்றார்கள். வழியில் யாரோ ஒருவர், "கண்ணு கீழே பாருங்க" என்று அன்பாக வழிகாட்டினார். கண்ணுசாமிக்குச் சிரிப்பு வந்தது. தேர் சுற்றி வருகிற மாதிரி சுற்றிக்கொண்டிருக்கிறோம், வடம் பிடிக்கத்தான் ஆள் இல்லை என்றார். வளர்மதிக்குச் சிரிப்பு வரவில்லை. படிக்கட்டின் நடுவில், இரண்டு மாடிக்கும் இடையில், அவரைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். பக்கத்தில் தானும் உட்கார்ந்தாள். படி அடைத்துக்கொண்டது.

"எந்திரிங்கம்மா, வழி" என்றார் ஒரு நர்ஸ்.

"வழியத்தான் நாங்களும் தேடிக்கினு இருக்கோம். டாக்டருங்க டீ குடிக்க இப்பிடித்தானே எறங்குவாங்க? எறங்கட்டும்."

இறங்கினார்கள். மேலேயிருந்து நிர்மலா. அவர் நின்றதைப் பார்த்துக் கீழேயிருந்து செழியன். சத்தம் கேட்டு மலர்விழி. மூன்று பேரும் ஒரே படிக்கட்டில் சிக்கினார்கள்.

"இதோ பாருங்க," என்றாள் வளர்மதி. "கண்ணு பல்லைக் கேக்குது. பல்லு சர்க்கரையைக் கேக்குது. சர்க்கரை பல்லைக் கேக்குது. இவருக்கு இருக்கறது ஒரே ஒடம்பு. மூணு பேரும் கூடி ஒரு பேச்சா சொல்லுங்க."

டாக்டர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செழியன்தான் முதலில் சிரித்தார். பிறகு நின்றபடியே பேசி முடித்தார்கள். சீழுக்கு மாத்திரை இன்றே. சர்க்கரைக்குக் கொஞ்ச நாள் இன்சுலின் பேனா. இரண்டும் சேர்ந்து வேலை செய்தால் சர்க்கரை இருநூறுக்குக் கீழே வரும், வந்ததும் பல். ஈறு ஆறியதும் கண்.

"அப்படியே உங்களையும் தோல் டாக்டர்கிட்ட காட்டலாமே," என்றார் நிர்மலா வளர்மதியிடம். "இப்ப ஒளி சிகிச்சை இருக்கு, களிம்பு இருக்கு. ஓரளவு நிறம் திரும்பும்."

"மொதல்ல இவரு கண்ணு தெறக்கட்டும் டாக்டரம்மா. எம் மூஞ்சி எங்கயும் ஓடிப் போவாது."

கடைசியாக நிர்மலா சாப்பாடு சொன்னார். "அரிசியைக் கம்மி பண்ணுங்க. தினை, சாமை, கேழ்வரகு சாப்பிடலாம்." கண்ணுசாமி படிக்கட்டிலேயே குதித்தார். தினையா? அவர் கொல்லையில் விளைந்ததே மச்சு நிறைய இருக்கிறது. இதையா மருந்து என்கிறார்கள்?

ஒரு வாரம் ஒழுங்காக ஊசி போட்டு, ஒழுங்காக மாத்திரை விழுங்கி, ஒழுங்காகத் தினை சாப்பிட்டு மலை இறங்கினார். சர்க்கரை முன்னூற்று எண்பது.

நிர்மலா பேனாவைத் திருகிப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. "என்ன சாப்பிட்டீங்க?"

"நீங்க சொன்ன தினைதாங்க. வேற ஒண்ணும் தொடல. மாவா இடிச்சி."

"எப்படிச் சாப்பிட்டீங்க?"

"தேன் ஊத்திதாங்க."

நிர்மலா பேனாவைக் கீழே வைத்தார்.

"தேனா?"

"தேன் இல்லாம தினைமாவை எவன் துன்னுவான்? சாமிக்கே அப்பிடித்தானே படைக்கறோம்? கொம்புத்தேனுங்க, மருந்து. நீங்க மருந்துன்னு சொன்னதால கொஞ்சம் ஜாஸ்தியாவே ஊத்திக்கினேன்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லீங்க. பலாப்பழம்தான். அது சாப்பாட்டுல வராதே."

நிர்மலா மேஜையில் நெற்றியை வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது, விசும்பல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. அழுகிறார் போல என்று கண்ணுசாமி பயந்தார். வளர்மதி அவரைப் பார்த்த பார்வை நல்லவேளையாக அவருக்குத் தெரியவில்லை. குரல் மட்டும் கேட்டது. "ஆனி பாதி போயிடுச்சி மாமா. என்னைக் குடகுக்கு அனுப்பறதுன்னு முடிவே பண்ணிட்டீங்களா?"

அதற்குப் பிறகு தேனடை தேனடையாகவே மரத்தில் இருந்தது.

ஆனால் ஆனி மாதத்தில் கல்வராயன் மலையில் பலாப்பழத்துக்குத் தப்பி வாழ முடியாது. வேலியில் பலா, பஸ் நிறுத்தத்தில் பலா, பஸ்ஸின் கூரையில் பலா. கண் தெரியாதவனுக்கு மூக்கு இரண்டு மடங்கு. கண்ணுசாமி துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு நடந்தார். ஏதோ சாவு வீட்டுக்குப் போகிறார் என்று நினைத்து இரண்டு பேர் கூடவே வந்தார்கள். சாமைச் சோறும் கொள்ளு ரசமும் கீரையும் வளர்மதி தூக்குவாளியில் கொண்டு வந்து வைத்தாள். இந்த முறை கீரையில் புல் இல்லை, அவளே அறுத்தாள்.

சர்க்கரை நூற்று எழுபதுக்கு வந்தது. செழியன் ஈறில் ஊசி போட்டு, பல்லை எடுத்து, தட்டில் போட்டார். டங் என்றது. "ஆறினதும் தாடையில ஒரு டைட்டானியம் திருகாணி வெச்சி, அதுமேல புதுப் பல் பொருத்தலாம்" என்றார்.

வாயில் பஞ்சும் பாதி முகத்தில் மரப்புமாக இருந்த கண்ணுசாமி கேட்டார்: "உருகாயியா? அஃவ உஊட்டுக் கஃவுக்குத்தாயே?"

"வூட்டுக் கதவுக்குத்தானே திருகாணின்னு கேக்கறாரு" என்று வளர்மதி எடுத்துச் சொன்னாள். செழியனுக்குச் சிரித்துச் சிரித்துக் கையுறை கிழிந்தது.

கச்சிராயபாளையம் தாண்டி பஸ் மலை ஏறும்போதும் மரப்பு போகவில்லை. ஒவ்வொரு வளைவிலும் கண்ணுசாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஒவ்வொரு வளைவிலும் வளர்மதி, "பேசாதீங்க, பஞ்சு வுழும்" என்றாள். பஸ்ஸில் எல்லாரும் அடுத்த வளைவுக்குக் காத்திருந்தார்கள்.

ஆடி பிறக்க நான்கு நாள் இருக்கும்போது வலது கண்ணில் ஆபரேஷன். கண்ணில் சொட்டு மருந்துதான், ஊசி இல்லை. தலைக்கு மேலே ஒரு வெளிச்சம் தண்ணீரில் விழுந்த மாதிரி ஆடியது. வண்டு ரீங்காரம் போல ஒரு சத்தம். "முடிஞ்சுது" என்றார் மலர்விழி. "இன்னும் ஆரம்பிக்கவே இல்லீங்களே?" என்றார் கண்ணுசாமி.

மறுநாள் காலை கட்டைப் பிரித்தார்கள்.

முதலில் சுவர். சுவர் இத்தனை வெள்ளையா? பிறகு நர்ஸின் புடவைக் கரை. நீலம். நீலம் என்று ஒன்று இருந்ததையே அவர் மறந்து போயிருந்தார். எதிரில் ஒரு பலகை. எழுத்து எழுத்தாகத் தெரிந்தது. தாங்க முடியாமல் வார்டே அதிரப் படித்தார்: "அமைதி காக்கவும்!"

நான்கு கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள்.

கதவுக்கு வெளியேயிருந்து குரல் வந்தது. "உள்ள வரட்டுமா? அப்பிடியே போவட்டுமா?"

"வா வளரு."

அவள் வந்தாள். முகத்தை மூடியிருந்த முந்தானையைக் கட்டிலுக்கு ஒரு முழம் முன்னால் நின்று இறக்கினாள். உதட்டோரத்தில் தொடங்கிய வெள்ளை கன்னத்தில் அகன்று காது மடல் வரை போயிருந்தது. ஒரு புருவத்தில் பாதி வெள்ளை. அவள் கண் இமைக்காமல் நின்றாள். விரல்கள் மட்டும் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தன.

கண்ணுசாமி வலது கண்ணை மூடினார். இடது கண்ணால் பார்த்தார். வலதைத் திறந்தார். மறுபடி மூடினார்.

"இன்னா மாமா, கண்ணடிக்கறீங்க?"

"அந்தக் கண்ணுல நீ பொகை. குரல் மட்டுந்தான் இருக்க. இந்தக் கண்ணுலதான் முழுசா இருக்க" என்றார். பிறகு அவள் தோளுக்குப் பின்னால் பார்த்து மிரண்டார். "அது யாரு அந்தக் கெழவன்? நம்மளையே பாத்துக்கினு இருக்கான்?"

வளர்மதி திரும்பினாள். கை கழுவுகிற இடத்துக்கு மேலே கண்ணாடி.

"நீங்கதான்."

"நானா?" தலையில் கை வைத்தார். கண்ணாடிக் கிழவனும் வைத்தான். வாயைத் திறந்தார். அங்கே பல் போன ஓட்டை. "இந்தக் கண்றாவியப் பாத்துக்கினா தெனம் கீரை வாங்கின?"

"பாத்துக்கினுதான்."

"நான் பாத்துட்டேன், எனக்குச் சரி. நீ இப்ப சொல்லு. நல்லா பாத்துட்டு சொல்லு."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டது. சிரித்ததில் வெள்ளை இருந்த கன்னம் இளஞ்சிவப்பாகிவிட்டது. அது அவருக்குத் தெரிந்தது. "எனக்கு எப்பவோ சரி மாமா. ஒங்க கண்ணுக்குத்தான் காத்துக்கினு இருந்தேன்" என்றாள்.

மலர்விழி சொட்டு மருந்தோடு வந்தார். "நாலு வாரத்துக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தக் கூடாது. புகையில நிக்கக் கூடாது. குனியக் கூடாது. வெயிட் தூக்கக் கூடாது."

"தாலி கட்டலாங்களா? ஆடி பொறக்கறதுக்குள்ள?"

டாக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "கட்டலாம். எப்படிக் கட்டுவீங்க?"

"எங்க வூட்டு வழக்கத்துல பொண்ணு பலகையில ஒக்காந்திருக்கும். நான் நின்னுக்கினு, குனிஞ்சி..." கண்ணுசாமி பாதியில் நிறுத்தினார். குனியக் கூடாது. முகம் விழுந்துவிட்டது.

வளர்மதி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அவரு குனிய வாணாம் டாக்டரம்மா. நான் நின்னுக்கறேன்."