எதிர்ப்பக்கத்து பஸ்

டெப்போவில் அவருக்கு நிதானம் என்று பெயர். முப்பது வருஷம் டவுன் பஸ் ஓட்டியதில் ஒரு கோழிக்குஞ்சைக்கூட அடித்ததில்லை. கண்டக்டர் எத்தனை விசில் ஊதினாலும், "நிதானம், நிதானம்" என்று சொல்லிக்கொண்டேதான் கியரை மாற்றுவார். அவர் ஓய்வு பெற்றார், பெயர் ஓய்வு பெறவில்லை. மனைவிக்குக் கோபம் வந்தால், "உங்க நிதானத்த டெப்போவோட விட்டுட்டு வந்திருக்கக் கூடாதா?" என்பாள்.

அப்பேர்ப்பட்ட மனிதருக்குப் பிறந்த ஒரே மகள், பிறக்கும்போதே காலில் சக்கரம் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். நல்ல வேலையில் இருந்தவள், ஒருநாள் அதை எழுதிக் கொடுத்துவிட்டு, தன் உயரத்துக்குப் பாதி இருக்கும் ஒரு பையை முதுகில் மாட்டிக்கொண்டு நாடு நாடாகக் கிளம்பிவிட்டாள். ஒரு வருஷப் பயணம் என்றாள். மலை ஏறினாள், பனியில் நடந்தாள், படகில் தூங்கினாள். அப்போதெல்லாம் ஒன்றும் ஆகவில்லை. பாதிப் பயணத்தில் ஒரு பெரிய நகரத்துக்கு வந்து, தங்கியிருந்த விடுதியின் குளியலறைப் படியில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டாள். சக்கரம் கட்டிய காலில் மாவுக்கட்டு ஏறியது.

செய்தி வந்ததும் வீட்டில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "போய் அவளக் கையோட கூட்டிட்டு வாங்க, ஊர் சுத்தினது போதும்" என்று மனைவி ஒற்றைக்காலில் நின்றாள். மகளும் அங்கே ஒற்றைக்காலில்தான் நின்றுகொண்டிருந்தாள், அது வேறு விஷயம். "சும்மா இருக்கட்டும்ப்பா" என்று மகள் எப்போதோ எடுத்துக் கொடுத்திருந்த பாஸ்போர்ட் பீரோவில் இருந்தது. அதைத் தூசி தட்டிக்கொண்டு நிதானம் முதல்முறையாக விமானம் ஏறினார். மனைவி சொன்னதுதான் அவர் மனதிலும் இருந்தது. முப்பது தாண்டிய பெண். இப்படியே போய்க்கொண்டிருந்தால் ஒருநாள் திரும்பி வர வழி மறந்துவிடுவாள் என்று அவருக்கு உள்ளுக்குள் பயம். கட்டு பிரித்ததும் ஊருக்குக் கூட்டிப்போய்விட வேண்டும், அவ்வளவுதான்.

விடுதியில் மூன்றாவது மாடி. லிப்ட் கிடையாது. இரண்டு கட்டில், ஒரு ஜன்னல், சுவரில் மகள் ஒட்டிவைத்திருந்த பெரிய வரைபடம். அப்பாவைப் பார்த்ததும் மகள் சிரித்தாள், உடனே அழுதாள். அழுது முடித்ததும் முதல் வேலையாகச் சொல்லிவிட்டாள்: "கட்டு பிரிச்சதும் நான் மிச்ச ஊரையும் பாத்துட்டுத்தான்ப்பா வருவேன்." நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

மறுநாள் ஆஸ்பத்திரி மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கப் போனார். மகள் பஸ் நம்பரைச் சொல்லியிருந்தாள், எந்தத் திசையில் போக வேண்டும் என்று ஜன்னல் வழியாகக் கையும் காட்டியிருந்தாள். பஸ் ஏறுவதற்கு அவருக்கா சொல்லித் தர வேண்டும்? கீழே இறங்கி, சாலையின் இடது பக்கம் போய் நின்றார். நம்பர் வந்தது, ஏறினார், உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி மட்டும் வரவில்லை. கடைகள் போயின, பாலம் போனது, கட்டடங்கள் குட்டையாகிக்கொண்டே போயின. கடைசியில் ஒரு மைதானத்தில் பஸ் நின்று, எல்லோரும் இறங்கிப் போய்விட்டார்கள்.

அந்த நாட்டில் வண்டிகள் சாலையின் வலது பக்கம் போகும். நம்பர் சரி, பஸ் சரி, திசைதான் தப்பு. முப்பது வருஷம் ஊருக்கே வழி காட்டியவர், எதிர்ப்பக்கத்து பஸ்ஸில் ஏறி நகரத்தின் மறு கோடிக்கு வந்து உட்கார்ந்திருந்தார். யானைக்கும் அடி சறுக்கும் என்பது இதுதான்.

அந்த பஸ்ஸை ஓட்டியவள் ஒரு பெண். அவர் வயதுக்கு நாலைந்து குறைவாக இருக்கும், நல்ல ஆகிருதி. இறங்கச் சொல்லிக் கை காட்டினாள். இவர் மருந்துச் சீட்டைக் காட்டினார். அவள் சீட்டைப் பார்த்து, வந்த வழியைக் கை காட்டி, வயிறு குலுங்கச் சிரித்தாள். நிதானத்துக்கு மானம் போயிற்று. என்ன சொல்வதென்று தெரியாமல், தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, இரண்டு கையாலும் ஸ்டியரிங் பிடித்துத் திருப்பிக் காட்டினார். அவள் சிரிப்பு நின்றது. அவர் உள்ளங்கையை இழுத்து, விரல் அடியில் காய்த்துப்போயிருந்த இடத்தைப் பார்த்தாள். தன் கையையும் விரித்துக் காட்டினாள். பிறகு பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றி, தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தாள். திரும்பி வரும்போது தனக்கு நேர் பின்னால் இருந்த சீட்டில் உட்காரவைத்து, ஆஸ்பத்திரி வாசலில் ஒரு நிமிஷம் கூடுதலாகவே நிறுத்தினாள்.

அறைக்குத் திரும்பியதும் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். மகளுக்குக் கால் வலி மறந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, "சரி, வழியில என்னப்பா பாத்தீங்க?" என்று கேட்டாள்.

"கியரே இல்லம்மா அந்த வண்டியில. ஒரு கை சும்மாவே கெடக்கு."

"வண்டிய விடுங்க. பஸ்ஸுல யாரெல்லாம் இருந்தாங்க?"

பஸ்ஸில் ஆட்கள் இருந்தார்கள், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். முப்பது வருஷமும் அப்படித்தான். ஆட்கள் என்றால் முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம், ஒரு பாரம், ஒரு விசில். யார் ஏறினார்கள், யார் அழுதுகொண்டே வந்தார்கள் என்று அவர் திரும்பிப் பார்த்ததில்லை. பார்க்கவும் கூடாது, அது தொழில். இப்போதுதான் தொழில் இல்லையே என்று மகள் சொன்னாள்.

மறுநாள் பால் வாங்கப் போனவர் மத்தியானம்தான் வந்தார். அதற்கடுத்த நாள் முட்டை வாங்கப் போய்ச் சாயங்காலம் வந்தார். டிரைவரம்மாவின் பஸ் மட்டுமல்ல, கண்ணில் பட்ட பஸ்ஸில் எல்லாம் ஏறினார். முதல் சில நாள் வலது கால் தானாகத் தரையை அழுத்திப் பிரேக் போட்டுக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் அடங்கி, மனிதர் பக்கத்து ஜன்னல் வழியாக வேடிக்கை பார்க்கப் பழகிவிட்டார்.

பார்த்ததையெல்லாம் கொண்டுவந்து மகள் கட்டிலருகே கொட்டினார். ஆளுயரக் கண்ணாடியை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தவனையும், இறங்கும்வரை பஸ்ஸே அதில் தலைசீவிக்கொண்டதையும் சொன்னார். செருப்பு தைக்கும் கடைகளாகவே இருக்கும் ஒரு தெருவைச் சொன்னார். தினமும் ஒரே சீட்டில் உட்கார்ந்து, ஒருவரோடு ஒருவர் பேசாமல், ஆனால் ஒரே நிறுத்தத்தில் இறங்கும் ஒரு கிழவனையும் கிழவியையும் பற்றி மகள் தினமும் கேட்டாள். "இன்னிக்குப் பேசினாங்களா?" "இல்லம்மா. ஆனா அந்தம்மா குடைய அவர்கிட்ட குடுத்தாங்க." அதற்கே இருவரும் சந்தோஷப்பட்டார்கள்.

அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது சொல்லியிருக்க வேண்டிய கதைகள் இவை. அப்போது அவர் வேலைக்குக் கிளம்பும்போதும் அவள் தூங்கிக்கொண்டிருப்பாள், திரும்பி வரும்போதும் தூங்கியிருப்பாள். விட்டுப்போனதை இப்போது வட்டியோடு சொல்லிக்கொண்டிருந்தார். இதை நினைத்து ஒருநாள் கதையைப் பாதியில் நிறுத்தினார். வெந்நீர் வைக்கிறேன் என்று எழுந்து போய்விட்டார்.

போனில் மனைவியிடமும் இதே கதைதான். முதலில் அவள், "உங்கள ஊர் சுத்தவா அனுப்பினேன்? கட்டு எப்பப் பிரிப்பாங்க?" என்று பாய்ந்தாள். நாளாக நாளாக, "அந்த டிரைவரம்மாவுக்குப் பிள்ளைங்க உண்டா?" என்று கேட்க ஆரம்பித்தாள்.

கட்டு பிரிக்கும் நாளும் வந்தது. எலும்பு நன்றாகச் சேர்ந்துவிட்டது, இனி விமானம் ஏறலாம் என்று டாக்டர் சொன்னார். அன்று சாயங்காலம் மனைவி போன் செய்தபோது, நிதானம் வாழ்க்கையில் முதல்முறையாகக் கூசாமல் ஒரு பொய் சொன்னார். "இன்னும் கொஞ்ச நாள் ஆகும்னு சொல்றாரு." மகள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

வேறொன்றுமில்லை. வாயால் சொன்ன ஊரை மகளுக்குக் கண்ணால் காட்ட வேண்டும் என்று அவருக்கு ஆசை. நாலு நாள் போதும் என்று நினைத்தார். நாலு நாள் போய் இரண்டு வாரம் ஆயிற்று. மகள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி நடந்தாள். செருப்புத் தெருவில் அவளுக்கு ஒரு ஜோடி வாங்கினார்கள். டிரைவரம்மா மகளைப் பார்த்ததும் ஸ்டியரிங்கை விட்டு எழுந்து வந்து கன்னத்தைக் கிள்ளினாள். கிழவனும் கிழவியும் இருந்த பஸ்ஸில் அவர்களுக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து, இருவரும் மூச்சுவிடாமல் காத்திருந்தார்கள். கிழவி ஏதோ சொன்னாள், கிழவன் தலையாட்டினான். மகள் அப்பாவின் கையை அழுத்தினாள். இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் தனக்கு வைத்திருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை.

மகள் தோளைப் பிடிக்காமல் நடக்க ஆரம்பித்த சில நாளில், ரொட்டி வாங்கிக்கொண்டு அறைக்கு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். சுவரில் வரைபடம் இல்லை. மகளின் பை கழுத்துவரை அடைத்து, கட்டிலில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

"ஊருக்கு டிக்கெட் போட்டுடுங்கப்பா, போலாம்" என்றாள் மகள்.

வந்த காரியம் பழம். மனைவி சொன்னபடியே கையோடு கூட்டிக்கொண்டு போகலாம். சண்டை இல்லை, அழுகை இல்லை. அவர் குதித்திருக்க வேண்டும். ரொட்டியை மேஜையில் வைத்துவிட்டு, "மிச்ச ஊரெல்லாம்?" என்று கேட்டார்.

மகள் பையின் வாரை இழுத்துச் சரி செய்துகொண்டே சொன்னாள்: "நீங்க இவ்வளவு தூரம் வந்தீங்க. உங்கள வெறுங்கையோட அனுப்ப மனசு வரலப்பா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அவர் இப்போது ஆட்களின் முகத்தைப் பார்க்கத் தெரிந்தவர். கண்ணாடியைச் சுமந்துவந்தவன் முகமும், குடையைக் கொடுத்த கிழவியின் முகமும் தெரிந்தவருக்கு, சொந்த மகளின் முகம் தெரியாதா? தனக்காக அவள் பாதி வழியில் இறங்கிவிடப் பார்க்கிறாள் என்று புரிந்தது. கூட்டிப்போனால் மகள் வீட்டில் இருப்பாள். தினமும் இப்படியே சிரிப்பாள். அதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது?

அவர் கட்டிலில் உட்கார்ந்தார்.

"மேப்ப வெளிய எடும்மா" என்றார். "அடுத்து எந்த ஊரு, காட்டு."

மகள் நம்பாமல் அவரையே பார்த்தாள். பிறகு முகத்தை அவர் தோளில் வைத்துக்கொண்டாள். சட்டை நனைவது தெரிந்தது. அவர் அவள் தலையைத் தடவிக்கொண்டே, ரொட்டி ஆறிவிடும், சாப்பிடு என்றார்.

அதற்குப் பிறகுதான் பெரிய கண்டம். மனைவிக்குச் சொல்ல வேண்டும். மாடிப்படியில் போய் உட்கார்ந்து, நாலு தடவை எச்சில் விழுங்கிவிட்டுப் போன் செய்தார். கட்டு பிரித்து நாளாயிற்று என்றும், பொய் சொன்னது தப்பு என்றும், தான் மட்டும் வருவதாகவும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்" என்றாள் மனைவி. "கட்டுப் பிரிச்ச அன்னிக்கே அவ எனக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டா."

"பின்ன ஏன் நீ ஒண்ணும் கேக்கல?"

"என்னத்தக் கேக்கறது? கல்யாணம் ஆகி இத்தன வருஷத்துல நீங்க எங்கிட்ட இப்படிப் பேசினதே இல்ல. தெனமும் சாயங்காலம் ஆனா, இன்னிக்கு என்ன சொல்லப் போறீங்கன்னு உக்காந்திருப்பேன். கேட்டா நின்னுடுமோன்னு பயந்துட்டு இருந்தேன்." குரல் கொஞ்சம் இடறியது. "நீங்க வாங்க. அவ வர்றப்ப வரட்டும். வாரம் ஒரு தடவையாவது பேசச் சொல்லுங்க."

மகளின் பஸ் காலையில் கிளம்பியது. அவருடைய விமானம் அன்று மாலைதான். வெளியூர் பஸ் நிலையத்துக்கு இருவரும் சீக்கிரமே போய்விட்டார்கள். பையைச் சுமக்க அவர் மகளை விடவில்லை. தானே அதைச் சாமான் அறையில் வைத்து, மற்ற பெட்டிகள் மேலே விழாதபடி திருப்பி வைத்தார். பிறகு பஸ்ஸைச் சுற்றி வந்து டயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். டிரைவரிடம் போய், இரண்டு கையையும் கன்னத்தில் வைத்து, நன்றாகத் தூங்கினாயா என்று ஜாடையில் கேட்டார். இளவட்ட டிரைவர் சிரித்து, நெஞ்சில் கை வைத்துத் தலையாட்டினான். அவன் கண்ணை உற்றுப் பார்த்துத் திருப்திப்பட்ட பிறகே நகர்ந்தார்.

"போயிட்டு வரேன்ப்பா" என்றாள் மகள். அவர் அவள் காலைப் பார்த்துவிட்டு, படியைப் பார்த்து ஏறு என்று கையால் காட்டினார்.

கதவு மூடியது. ஜன்னலில் அவள் முகம் கொஞ்ச தூரம் தெரிந்தது. நிலையத்து வாசலில் பஸ் வளைந்து, சாலையில் ஏறி, மறைந்தது. அவரோடு சேர்ந்து வழியனுப்ப வந்தவர்கள் அங்கங்கே நின்றிருந்தார்கள். இப்படி நிற்பவர்களை விட்டுவிட்டு எத்தனை தடவை வண்டியை எடுத்திருப்பார். பஸ் கிளம்பியதும் அவர்களும் கிளம்பிவிடுவார்கள் என்றுதான் அவர் நினைத்திருந்தார். பக்கத்தில் ஒரு அம்மாள் கையை இறக்காமல் இன்னும் வெறும் சாலைக்கு ஆட்டிக்கொண்டிருந்தாள். நிதானமும் கையைத் தூக்கி ஆட்டினார்.