பேரு வெட்டின வீல் கப்பு

எல்லாரும் சுகமா இருக்கியளா? மழ விட்டு விட்டுப் பெய்யுத சமயமாக்கும், தலைய ஈரத்தோட வச்சுக்கிடாதீங்க. முட்டுவலி உள்ளவங்க படி ஏறும்போ கம்பியப் பிடிச்சு ஏறுங்க, அவசரம் ஒண்ணும் இல்ல. சரி, நான் சொல்ல வந்தது கரமனையில இருந்த முத்தாரம்மா கதை. தொண்ணூத்தி ஒம்பதாம் வருஷம், கர்க்கடக மாசம், அதான் ஆடி, முடியப் போற நேரம்.

அன்னைக்குக் காலம்பற முத்தாரம்மா அடுக்களையில தோசை சுட்டுட்டு நின்னா. அவ வீட்டுக்காரரு வன்னியபெருமாள் பேப்பர வட்டமா வெட்டி, அதையும் ஒரு தோசை மாதிரி கையில ஏந்திட்டு வந்து நின்னாரு. மனோரமா பேப்பரு. நடுவுல ஏதோ ஒரு மந்திரி பாதி மூஞ்சியோட சிரிக்காரு. “சக்கரத்துக்கு அளவு சரியா இருக்கு. தின்னுட்டுக் கிளம்புட்டீ, அட்டக்குளங்கரை ஆக்ரிக்கடைக்குப் போணும்”னாரு. பழைய இரும்பு, பித்தளை, உடைஞ்ச வண்டிச் சாமானம் எல்லாம் எடைக்கு வாங்கிப் போட்டு விக்குத கடைக்கு எங்க ஊருல ஆக்ரிக்கடைன்னுதான் பேரு. முத்தாரம்மாளுக்கு தோசைய திருப்பிப் போட்ட கை அப்படியே நின்னு போச்சு. அவ இந்த அட்டக்குளங்கரைய நினைச்சுத்தான் ஒரு வாரமா உறங்காமக் கிடந்தா.

வெளிய முற்றத்துல நீலத் தார்ப்பாய்க்கு அடியில அந்தக் காரு நின்னுது. மோரிஸ் மைனர். முத்தாரம்மாளோட அப்பா சாலைக் கம்போளத்துல பாத்திரக்கடை வச்சிருந்தவரு, அவரு ஓட்டின காரு. அவரு போய்ச் சேந்த பெறகு காரு அவ தம்பி நாகேஸ்வரன் கிட்ட நேமத்துல ஒரு ஷெட்டுல கிடந்துது. புது வீட்டு முற்றத்துக்கு ஷெட்ட இடிக்கணும்னு சொல்லி, “அத்தானுக்கு வேணும்னா எடுத்துட்டுப் போட்டும்”னு சித்திரை மாசம் அவன் சொல்லிட்டான். எடுக்கப் போனா, காருன்னு பேருதான் இருக்கு. எஞ்சினுக்கு முன்னால மாட்டுத முன்வலை இல்ல, ஹாரன் இல்ல, லைட்டு வளையம் இல்ல, கதவுப் பிடி ஒண்ணு இல்ல, சக்கரத்த மூடுத வீல் கப்பு நாலும் இல்ல. எல்லாத்தையும் எப்பமோ ஆக்ரிக்காரன் எடைக்கு வாங்கிட்டுப் போயிட்டான். வன்னியபெருமாள் பென்சன் வாங்கி ரெண்டு வருஷமா சும்மா இருந்தவரு, அதுல இருந்து ஒரே அலைச்சல். முன்வலையும் ஹாரனும் நாகர்கோவில்ல கிடைச்சுது. லைட்டு வளையம் மதுரையில. கதவுப் பிடி காட்டாக்கடையில ஒரு டாக்டர் வீட்டுக் கோழிக்கூட்டுல கிடந்துது, கோழி எச்சத்த சுரண்டி எடுத்துட்டு வந்தாரு. பச்சைப் பெயிண்டு அடிச்சாச்சு. எஞ்சின் ஓடுது. பாக்கி வீல் கப்பு மட்டும்தான்.

இதெல்லாம் காரு மேல உள்ள ஆசைன்னு நினைச்சிராதீங்க. சிங்கம் ஒண்ணாந் தேதி, அதான் ஆவணி ஒண்ணு, நாகேஸ்வரனோட புது வீட்டுல பால் காய்ச்சு. சொந்தபந்தம் அம்புட்டு பேரும் வருவாங்க. அந்த வாசல்ல இந்தக் காரக் கொண்டு நிறுத்தி, நீளமா ஹாரன் அடிச்சு இறங்கணும். அதுக்காக்கும் இந்தப் பாடு. “வாக்குக் குடுத்து ஏமாத்தினவன் மகன் வீட்டுக்கு அதே காருல மருமகன் வந்து இறங்குறத ஊரு பாக்கணும்”னு அவரே வாயால சொன்னாரு. அதாவது, அறுவத்தெட்டுல நிச்சயத்தன்னைக்கு முத்தாரம்மா அப்பா பத்து பேரு முன்னால “காரு மாப்பிள்ளைக்கு”ன்னு சொன்னாரு. கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போ, தர முடியாதுன்னு சொல்லிட்டாரு. காரணமும் சொல்லல. மாப்பிள்ளை வீட்டுல கல்யாணத்தையே நிறுத்தப் பாத்தாங்க. பத்திரிகை குடுத்தாச்சே, மானம் போயிருமேன்னு சொல்லி, கடுகடுன்னு மூஞ்சிய வச்சிட்டு வன்னியபெருமாள் தாலியக் கட்டினாரு. அன்னைக்கு ஆரம்பிச்சது. குழம்புல உப்பு குறைஞ்சா “உங்கப்பன் வாக்கு மாதிரி சப்புன்னு இருக்கு.” பஸ்ஸு வரலன்னா “உங்கப்பன் வாக்கு மாதிரி வரும் வரும்னு நிக்க வேண்டியதுதான்.” மாமனாரு செத்தன்னைக்குக் கூட மனுஷன் உள்ள வரல. கேட்டுக்கு வெளிய ஸ்கூட்டர்ல சாஞ்சு நின்னு, எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாலயே திரும்பிப் போயிட்டாரு.

முத்தாரம்மா எல்லாத்துக்கும் வாயப் பொத்திட்டுத்தான் இருந்தா. ஏன்னா காரத் தரவேண்டாம்னு சொன்னது அவளாக்கும்.

நிச்சயத்தன்னைக்கு அவ காப்பித் தட்டோட கதவுக்குப் பின்னால நின்னா. மாப்பிள்ளை அவங்க அம்மாகிட்ட மெதுவாச் சொன்னாரு: “பொண்ணு சுமாருதான். ஆனா காரு கொள்ளாம்.” காரு நல்லா இருக்காம். அவ காப்பித் தட்டக் கொண்டு போயி அவருக்கு முன்னால வச்சா. பெறகு கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால ஒரு நாளு, முற்றத்துல பேரு வெட்டுத ஆளு உக்காந்திருக்காரு. பாத்திரக்கடைக்காரர் இல்லியா, மகளுக்குக் குடுக்குத கரண்டி முதல் அண்டா வரைக்கும் பேரு வெட்டாம அனுப்பமாட்டாரு. அந்த ஆளு அண்டாவ முடிச்சிட்டு மடியில காரோட வீல் கப்ப வச்சு, உள்பக்கம் புள்ளி புள்ளியா கொத்துதாரு. காரும் அப்பாவுக்கு ஒரு பாத்திரந்தான். அத அவ பாத்துட்டு நின்னா. ராத்திரி அப்பாகிட்டப் போயி, “காரக் குடுத்தா நான் கழுத்த நீட்டமாட்டேன். காரு இல்லாம என்னைய கட்டுவாரான்னு பாக்கணும்”னா. அவரு மடிச்ச வெத்தலையத் திரும்பத் தட்டுலயே வச்சாரு. “நீ சொன்னன்னு தெரிஞ்சா அந்த வீட்டுல உன்னைய வாழ விடமாட்டாங்க. நான் வாக்கு மாத்தினதா இருக்கட்டும்”னாரு. வீல் கப்புகள திரும்ப மாட்டிட்டாரு, பேரு உள்ள போயிட்டு. அது வெளிய வந்தா, தர இருந்தவர யாரு தடுத்தான்னு கதை எல்லாம் வெளிய வருமேன்னு பயந்துதான், இப்பம் போன வாரம் அவ கோயிலுக்குப் போறேன்னு பொய் சொல்லி தனியா அட்டக்குளங்கரை வரைக்கும் போய்ப் பாத்தா. அன்னைக்கின்னு பாத்து ஹர்த்தால். கடை எல்லாம் ஷட்டர் போட்டுக் கிடந்துது.

இப்பம் அவரு கூடவே போற மாதிரி ஆயிட்டு. “நீதானே அதுல ஏறி பள்ளிக்கூடம் போனவ, அடையாளம் உனக்குத்தான் தெரியும்”னு கூட்டிட்டுப் போனாரு. முதல் கடைக்காரன் ரெண்டு கப்பு காட்டினான். அவரு கை நீட்டுறதுக்கு முன்னால இவ சாடிப் பிடிச்சு திருப்பிப் பாத்தா. எழுத்து இல்ல. “இது நம்ம வண்டிக்கு உள்ளது இல்ல”ன்னா. ரெண்டாவது கடையிலயும் அதேதான். “உள்பக்கம் என்னத்தட்டி அப்படிப் பாக்குத?”ன்னு அவரு கேட்டாரு. “துருப்பிடிச்சிருக்கான்னு பாக்கேன்.” “வெளிய பளபளப்பு இருந்தாப் போதும். உங்க குடும்பத்துக்கு எல்லாமே உள்ளதான் துரு.”

மூணாவது ஜெயன் கடை. ஆளு உரலு மாதிரி இருப்பான், பல்லுக்குச்சியக் கடிச்சிட்டே பேசுவான். பேப்பர் வட்டத்தப் பாத்ததும் அவனுக்குச் சிரிப்பு.

“சாரே, இது எந்தா? சாம்பிள் இல்லாத கடலாசு கொண்டு வந்தா வீல் கப்பு கிட்டுமோ? மந்திரி சிரிக்குந்நு, வண்டி ஓடுமோ?”

“நாலும் தொலைஞ்சு போச்சு, சாம்பிளுக்கு எங்க போவேன்? நேமத்துல இருந்து எடுத்தது ஏதாவது இருக்கான்னு பாருடே. பேச்ச விடு.”

“நேமத்தீந்நோ?” ஜெயன் உள்ள போனான். கெட்டில் மூடி, சைக்கிள் ரிம்மு எல்லாம் சரியுத சத்தம் கேட்டுது. கம்பியில கோத்த மூணு வீல் கப்போட வந்தான். “நாலெண்ணம் உண்டாயிருந்நு. ஒந்நு ஒருத்தன் ஆஷ்ட்ரே ஆக்கான் கொண்டு போயி.”

முத்தாரம்மா பாத்த உடனே சொல்லிட்டா, “இது இல்ல.” திருப்பிக்கூடப் பாக்கல, அதுதான் அவ பண்ணின தப்பு. காலம்பற இருந்து ஒவ்வொண்ணையும் திருப்பித் திருப்பிப் பாத்தவ இதை மட்டும் தொடாமச் சொன்னதும் அவரு அவ மூஞ்சியையே பாத்தாரு. “எடுறா”ன்னு ஜெயன்கிட்டச் சொன்னாரு. ஜெயன் மண்ணெண்ணெய்த் துணியால உள்பக்கம் உள்ள கிரீஸத் துடைச்சான். “இதில் எந்தோ எழுதியிட்டுண்டு. தமிழாணு. சாரே, இது வல்ல கல்யாணப் பாத்ரமும் ஆணோ?”

வன்னியபெருமாள் வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு எழுத்துக்கூட்டி வாசிச்சாரு. முத்தாரம்மாள், வன்னியபெருமாள். அடியில கல்யாணத் தேதி. மூணுலயும் அதே. கடை முன்னால ஆட்டோக்காரனுவ ரெண்டு பேரு நின்னு வேடிக்கை பாத்தானுவ. மனுஷனுக்கு கழுத்து வரைக்கும் சிவந்து போச்சு. பெறகு சிரிச்சாரு பாருங்க, அந்தச் சிரிப்ப முத்தாரம்மா அதுக்கு முன்னால கண்டதில்ல.

“அப்பம் கிழவன் தரத்தான் இருந்திருக்கான். பேரு வரைக்கும் வெட்டியாச்சு. உன் தம்பிப் பயதான் தடுத்திருக்கான்! அனுபவிக்கணும்னு அமுக்கி வச்சிட்டு, இப்பம் எச்சிய எடுத்துப் போடுத மாதிரி எனக்குப் போட்டிருக்கான். இருக்கட்டும். பால் காய்ச்சுக்கு இந்த மூணையும் கையில கொண்டு போறேன். பால் பொங்குறதுக்கு முன்னால ஒவ்வொருத்தன் கையிலயும் குடுத்து வாசிக்கச் சொல்லுதேன். அவன் புது வீட்டுல ஒருத்தனும் வாய் நனைக்கப்படாது.”

முத்தாரம்மா நின்னா. வீட்டுல இருந்து வரும்போ அவ பயந்தது வேற. இப்பம் வந்து நிக்குதது வேற. வாயத் தொறக்காம இருந்தா அவ தப்பிச்சிரலாம், அவ வீட்டுல வழக்கம்போல சோறு வடிக்கலாம். அப்பாவுக்கும் நல்ல பேரு வந்திரும். நாகேஸ்வரன் மட்டும் நடுமுற்றத்துல நிப்பான். அவன் கடன் வாங்கி, கல்லு சுமந்து, ஆறு வருஷமாக் கட்டின வீடு. அப்பா ஒருத்தரத் தின்ன இந்த மனுஷன் வாய்க்கு இப்பம் தம்பியத் தூக்கிப் போடணுமான்னு அவளுக்குத் தோணிச்சு.

“நாகேஸ்வரனுக்கு அன்னைக்குப் பதினொரு வயசு. பம்பரம் சுத்திட்டு இருந்தான். காரத் தரப்படாதுன்னு சொன்னது நானாக்கும்.”

“என்னட்டி சொல்லுத?”

“நான்தான். அப்பா எனக்காக வாக்கு மாத்தினாரு.”

ஜெயன் பல்லுக்குச்சிய வாயில இருந்து எடுத்துட்டான்.

“ஏன்?”ன்னு கேட்டாரு.

“பொண்ணு சுமாருதான், ஆனா காரு கொள்ளாம்னு உங்க அம்மாகிட்டச் சொன்னீங்க. நான் கதவுக்குப் பின்னால நின்னேன்.”

அவரு யோசிச்சாரு. நெசமாவே யோசிச்சாரு, நெத்தியச் சுருக்கிட்டு. “நான் அப்படிச் சொன்னேனா? எனக்கு நினைவே இல்லையேட்டி.”

அதுதான் அவளுக்குத் தாங்கல. இல்லன்னு சண்டை போட்டிருந்தாக் கூட சரி. சோறு வடிக்கும்போ, பிள்ளையப் பெறும்போ, கண்ணாடியில பொட்டு வைக்கும்போ எல்லாம் அவ கேட்டுட்டே கிடந்த பேச்சாக்கும். சொன்ன ஆளுக்கு அது அந்தக் காப்பியக் குடிச்சு முடிக்கிறதுக்கு முன்னாலயே மறந்து போச்சு.

“ஒரு பேச்சுக்கு என்னைய முப்பத்தொரு வருஷம் முட்டாளாக்கிட்டியே, பாவி.”

“ஒரு காருக்கு எங்கப்பாவ முப்பத்தொரு வருஷம் கள்ளனாக்கினீங்களே. செத்தவருக்குத் தோள் குடுக்கக்கூட வரலியே.”

“சொல்லியிருந்தா வந்திருப்பேன்!”

“சொல்லியிருந்தா என்னைய அங்கயே விட்டுட்டுப் போயிருப்பீங்க.”

அவரு வீல் கப்பு மூணையும் ஜெயன் கையிலயே திருப்பிக் குடுத்தாரு. ஜெயன் முத்தாரம்மா பக்கம் திரும்பினான். “அப்போ சேச்சி, இது வேணோ, வேண்டயோ?” முத்தாரம்மா அவ பர்ஸுல இருந்து ரூவாய எடுத்து நீட்டி, கம்பியோட மூணையும் வாங்கினா. அவரு ரோட்டுல இறங்கி ஒரு ஆட்டோவக் கைகாட்டி நிறுத்தி உள்ள உக்காந்தாரு. இவளும் ஏறினா. வீல் கப்பு நடுவுல.

“எவிடேக்கா?”ன்னு ஆட்டோக்காரன் கேட்டான். “நேரே விடு”ன்னாரு. கிள்ளிப்பாலம் தாண்டிச்சு. மழை தூத்தல் போட ஆரம்பிச்சுது. கரமனை ஜங்ஷன் வந்துது, அவங்க வீட்டுத் தெரு தெரிஞ்சுது, தார்ப்பாய் நீலம் கூட ஒரு நொடி தெரிஞ்சுது. அவரு நிறுத்தச் சொல்லல. இவளும் சொல்லல. நேரே போனா நேமம். போயி தம்பிகிட்ட மன்னிப்பு கேப்பாரோ, மென்னியப் பிடிப்பாரோ, அவரு மூஞ்சியப் பாத்து இவளுக்கு ஒண்ணும் பிடிகிடைக்கல. “கரமன கழிஞ்ஞு கேட்டோ”ன்னு, கரமனை தாண்டிட்டத ஆட்டோக்காரன் கண்ணாடியில பாத்துச் சொன்னான். பாலத்துல ஏறும்போ ரோட்டுக் குழியில வண்டி குலுங்கி, வீல் கப்பு மூணும் கம்பியில ஒண்ணோட ஒண்ணு மோதி கலகலன்னு சத்தம் போட்டு சீட்டுல இருந்து நழுவிச்சு. ரெண்டு பேருல ஒருத்தரும் மடியில இருந்து கைய எடுக்கல. கீழ ஆறு கலங்கித் தவிட்டு நிறத்துல போய்ட்டு இருந்துது.

நான் இத்தோட நிறுத்துதேன். உங்க வீட்டுலயும் வருஷக்கணக்கா உள்ள வச்சிருந்த ஒரு பேச்சு, கடையிலயோ பஸ்ஸுலயோ வச்சு, நாலு அன்னிய ஆளு முன்னால சடக்குன்னு வெளிய சாடியிருக்குமே? இருந்தா மறைக்காம கீழ எழுதுங்க மக்கா, பேரு போடாட்டாலும் சரி.