செத்த குதிரைக்கும் 37.6

எங்கள் ஊர் மாடு விரட்டும் போட்டியில் தொடர்ந்து மூன்று வருஷம் ஜெயிப்பவருக்கு வெள்ளிக் கோப்பை சொந்தம். அறுபது வருஷத்தில் யாரும் அதை வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. க்ளெம் டிரான்டர் தன் குதிரை பிஷப்பின் மேல் ஏறி இரண்டு வருஷம் ஜெயித்துவிட்டார். கோப்பை வைக்க அலமாரியே அடித்தாகிவிட்டது என்று கேள்வி. போட்டி நடத்தும் சங்கத்துக்குச் செயலாளரும் அவரே. மற்றபடி நல்ல மனிதர். போன மாதம் என் வேலி வெள்ளத்தில் போனபோது, நான் புதிதாக வாங்கியிருந்த குதிரை பெப்பரைத் தன் குதிரைகளோடு மேயவிட்டவர் அவர்தான்.

போட்டிக்கு முதல் நாள் காலை மைதானத்தில் ஒரு கட்டுத் தாளை என் கையில் திணித்தார். ஒவ்வொரு குதிரைக்கும் மூன்று நாள், காலையும் மாலையும் காய்ச்சல் பார்த்து எழுதவேண்டிய தாள். இந்தச் சுற்றுவட்டாரத்துக்கு ஒரே கால்நடை மருத்துவர் நான். என் கையெழுத்து விழுந்தால்தான் போட்டி. வருஷா வருஷம் படிக்காமலே போட்டுக் கொடுப்பேன்.

அன்றைக்கும் போட்டிருப்பேன். அவர் முதுகுக்குப் பின்னால் பிஷப் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. வைக்கோலைத் தொடவில்லை. மூக்கில் மஞ்சளாக ஒழுகியது.

"என்ன க்ளெம் இது?"

"புல் விதை குத்தியிருக்கு டாக்டரம்மா. நாளைக்குள்ள சரியாயிடும்."

தாடைக்கடியில் எலுமிச்சை அளவுக்கு வீக்கம். தொட்டதும் தலையை இழுத்துக்கொண்டது.

"காய்ச்சல் பாத்தீங்களா?"

"தாள்ல இருக்கே. முப்பத்தேழு புள்ளி ஆறு."

ஆறு கட்டத்திலும் 37.6. ஒரே பேனா, ஒரே சாய்வு.

"இன்னிக்குச் சாயங்காலமும் பாத்தாச்சு போல."

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். நான் கட்டைப் புரட்டினேன். பாதிக்கு மேல் அவர் கையெழுத்துதான். எல்லாக் குதிரையும் 37.6. பக்கத்துப் பண்ணைத் தெல்மாவின் ஹேசலும் 37.6. ஈஸ்டர் சமயத்தில் ஹேசலுக்குக் கடைசி ஊசி போட்டதே நான்தான்.

"ஹேசல் செத்து நாலு மாசமாச்சு."

"போன வருஷப் பட்டியலப் பாத்து எழுதிட்டேன். காய்ச்சல் இல்லேன்னுதானே போட்டிருக்கேன், அதுல என்ன தப்பு?"

பிஷப்புக்கு நானே அளந்தேன். 40.3. ஸ்ட்ராங்கிள்ஸாக இருக்கும் என்றேன். பாக்டீரியாவால் வரும் சீழ்க்கட்டி அது. நோயுள்ள குதிரை வாய் வைத்த தொட்டியில் இன்னொன்று குடித்தால் போதும், பரவிவிடும்.

க்ளெம் விடவில்லை. சங்கத்து ஆட்களைக் கூப்பிட்டு, விதையை எடுத்தே காட்டுகிறேன் பார் என்று இரண்டு கட்டைவிரலாலும் வீக்கத்தை அழுத்தினார். அது உடைந்து அவருடைய புது வெள்ளைச் சட்டைக் கை முழுக்க வழிந்தது. அதற்குள்ளும் விரலை விட்டு விதை தேடினார்.

"உள்ளதான் இருக்கு, வந்து பாருங்கடா."

ஒருவரும் கிட்டே போகவில்லை. பரிசோதனைக்குச் சீழை ஒற்றி எடுத்தேன்.

"முடிவு செவ்வாய்க்கிழமைதானே வரும்? அதுவரைக்கும் இது நோய்னு யாரு சொல்றது?"

"நான் சொல்றேன்."

கேட்டைப் பூட்டச் சொன்னேன். வந்த குதிரைகள் நகரக் கூடாது, வருகிறவை திரும்ப வேண்டும். போட்டி இல்லை.

க்ளெம் தண்ணீர்த்தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது. "எனக்கு அறுபத்தெட்டு. இன்னொரு மூணு வருஷத்துக்கு நான் எங்க போறது? இன்னிக்கு இங்க வர்ற வரைக்கும் பிஷப் என் எடத்த விட்டு வெளியிலயே போகல. எங்கேர்ந்து வந்துச்சு?"

சுற்றிலும் கேட்க ஆள் இருந்தது. எனக்கும் குஷி வந்துவிட்டது. "எவனோ ஒரு முட்டாள் புதுக் குதிரைய வாங்கிட்டு வந்து, மூணு வாரம் தனியா வைக்காம, மத்த குதிரைங்களோட விட்டிருப்பான். வேற எப்படி வரும்?"

எல்லோரும் தலையாட்டினார்கள். நான் பெருமையாகத் தாள்களை அடுக்கினேன். கடைசித் தாளில் பெப்பர் என்று இருந்தது. ஆறு கட்டத்திலும் 37.6. எழுதியிருந்த கையெழுத்து என்னுடையது.

பெப்பரைக் கட்டியிருந்த இடத்துக்குப் போய் முதல் தடவையாகக் காய்ச்சல் பார்த்தேன். 37.6. அசல் 37.6. ஒரு நிமிஷம் மூச்சு வந்தது.

பிறகு தாடைக்கடியில் கையை விட்டேன். காசு அளவுக்கு முடி இல்லாத வட்டம், நடுவில் மூடிப்போன சிறு குழி. உடைந்து, ஒழுகி, ஆறிய தழும்பு. வந்த புதிதில் அதற்கு மூக்கு ஒழுகியது. புழுதி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திரும்பி வந்தேன். க்ளெம் இன்னும் சட்டைக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"யாரு டாக்டரம்மா அந்த முட்டாள்? தெரிஞ்சா சொல்லுங்க, நான் பேசிக்கறேன்."

பெப்பரின் தாளை அவரிடம் கொடுத்தேன்.

"கையெழுத்தப் பாருங்க க்ளெம்."