கை சரியாகும் வரைக்கும்

புதுப் பல் பிரஷ்ஷைக் குளியலறைத் தரையில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள் தையல்காரி. காலை ஏழு மணி. இருப்பதிலேயே மட்டமானதாகப் பார்த்துத்தான் வாங்கியிருந்தாள், சீக்கிரம் தேயட்டும் என்று. அந்தப் பாழாய்ப்போன பிரஷ் தேய்வேனா என்றது. ஓடுகளுக்கு நடுவே சொரசொரப்பாக இருந்த கோட்டில் வைத்து நாலு இழு இழுத்த பிறகுதான் நார்கள் ஒரு பக்கமாகப் படுத்தன. அலசி, தன்னுடையதும் கணவனுடையதும் நிற்கிற டம்ளரில் அதையும் போட்டாள். மூன்று பேர் வாழ்கிற வீடு என்று இப்போது டம்ளரே சொன்னது.

"பல்லு தேய்க்கவா, பாத்திரம் தேய்க்கவா?" என்று கதவோரம் நின்று கேட்டான் கணவன். அவன் பெயிண்டர். எந்தச் சுவரையும் ரெண்டு கோட் அடித்தால் புதுசாக்கிவிடலாம் என்பது அவன் தொழில், அதையே குணமாகவும் வைத்துக்கொண்டிருந்தான்.

"கிண்டலுக்கு இதுவா நேரம்? மெஷினத் தள்ளியாச்சா இல்லையா?"

"தள்ளியாச்சு தாயே. நம்ம படுக்கைக்குப் பக்கத்துல நிக்குது. இன்னிக்கு ராத்திரி அதுவும் நம்மகூடத்தான் படுக்கணும்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வாசல் பக்கத்து அறைக்குள் போய் நின்றாள். மூன்று வருடமாகத் தையல் மெஷின் நின்ற இடத்தில் நாலு கால் தடம் பளிச்சென்று தெரிந்தது. அதன்மேல் கட்டிலை இழுத்துப் போட்டார்கள். துவைத்த விரிப்பு, தலையணை, பக்கத்தில் ஒரு தண்ணீர்ப் பாட்டில். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் எண்ணெய் வாசனை போகவில்லை, மூலை முடுக்கெல்லாம் நூல். இரண்டு முறை பெருக்கிவிட்டாள், நூல் என்னவோ தரைக்குள்ளிருந்து முளைத்து வருகிற மாதிரி வந்துகொண்டே இருந்தது.

இந்த வீடு அவளுக்காகக் கிடைத்ததல்ல. அரசாங்க வீட்டுக்கான வரிசையில் ஆறு வருடம் பெயர் கிடந்தது, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தம்பி மின்கம்பத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் ஆன பிறகு, அவனுடைய மாற்றுத்திறனாளிச் சான்றிதழை மனுவோடு சேர்த்தார்கள். எட்டே மாதத்தில் சாவி வந்தது. தரைத்தளம், அகலக் கதவு, வாசலில் சக்கர நாற்காலி ஏறச் சரிவு, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி. அவன் விழுந்ததில் இவர்கள் எழுந்தார்கள். அதை அவள் வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை, சாவி வாங்கிய அன்று அழுதது எதற்காக என்று கணவன் கேட்டபோதும் சொல்லவில்லை.

மூன்று வருடம் அவனை அவள்தான் பார்த்துக்கொண்டாள். பிறகு ஒருநாள் அவனைக் குளிக்கவைத்துத் தூக்கும்போது வழுக்கி, இருவரும் விழுந்து, அவள் வலது மணிக்கட்டு முறிந்தது. கை சரியாகும் வரைக்கும் என்று சொல்லி ஊருக்கு வெளியே இருந்த பராமரிப்பு இல்லத்தில் அவனைச் சேர்த்தார்கள். நாற்பது நாளில் கட்டைப் பிரித்தாயிற்று. அதற்குள் அவள் இரவில் இடையில் எழாமல் தூங்கிப் பழகிவிட்டாள். மெஷின் அந்த அறைக்குள் போயிற்று. வாடிக்கைக்காரர்கள் வந்து உட்கார இடம் கிடைத்தது. 'அடுத்த மாதம் கூட்டிவந்துவிடலாம்' என்பதை முதல் வருடம் நம்பிச் சொன்னாள், இரண்டாம் வருடம் நம்பாமல் சொன்னாள், மூன்றாம் வருடம் சொல்வதையே விட்டுவிட்டாள். அவனும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"கை எப்படி இருக்குக்கா?"

"அப்படியேதான்டா இருக்கு. கனமா எதையும் தூக்க முடியல."

சொல்லும்போது மற்றக் கையால் அந்த மணிக்கட்டைத் தேய்த்துக்கொள்வாள், போனில் அவனுக்குத் தெரியப்போகிற மாதிரி.

போன வாரம் வீட்டு வசதி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. யாருக்காக வீடு ஒதுக்கப்பட்டதோ அவர் அங்கேயே வசிக்கிறாரா என்று இந்த வருடம் முதல் வருடந்தோறும் நேரில் வந்து பார்ப்பார்கள். வசிக்கவில்லை என்றால் வீட்டைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். அன்றே தம்பிக்குப் போன் செய்தாள். "புதன்கிழமை வீட்டுக்கு வாடா. ஆபீஸ்ல இருந்து வராங்களாம், நீயும் இருக்கணும்." எத்தனை நாளைக்கு என்று அவள் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. சரிக்கா என்றான். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வீடு போய்விடுமோ என்ற பயம் பாதி. வீட்டுக்கே திரும்ப வந்துவிட்டதாக அவன் நினைத்துவிட்டால் எந்த முகத்தோடு திருப்பி அனுப்புவது என்பது மீதி.

ஒன்பது மணிக்கு இல்லத்து வேன் வந்தது. சரிவில் அவனை ஏற்றும்போது அவள் கண்ணில் முதலில் பட்டது அவன் மடியில் இருந்த பை. ஒருநாள் பை இல்லை அது. ஜிப் மூடாத அளவுக்குத் திணித்திருந்த பெரிய பை.

"வாடா மாப்ள," என்று கணவன் முந்திக்கொண்டான். "என்ன, ஆளு கலராயிட்ட! அங்க ரெண்டு கோட் அடிக்கிறாங்களா?"

"ஒரு கோட்டுதான் மாமா. அதுவும் தண்ணி கலந்தது," என்றான் தம்பி. மெலிந்திருந்தான். காதோரம் நரை வந்திருந்தது. முப்பத்தெட்டு வயது.

அறைக்குள் வந்ததும் ஒருமுறை சுற்றிப் பார்த்தான். கட்டில், சுவர், ஜன்னல். எண்ணெய் வாசனையை அவன் மூக்கு பிடித்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. பையைத் திறந்தான். உள்ளேயிருந்து மடித்த சட்டைகள் மூன்று, பாதி தீர்ந்த பவுடர் டப்பா, சீப்பு, மாத்திரை அட்டைகள், ஓரம் கிழிந்த ஒரு துண்டு.

"இதெல்லாம் ஆணியில மாட்டுக்கா. சட்ட ஒண்ணும் தொங்கலன்னா ரூமு காலின்னு தெரிஞ்சிடும். மாத்திரைய தலமாட்டுல வை. அவங்க அதத்தான் மொதல்ல பாப்பாங்க. பிரஷ் மட்டும் எடுக்க மறந்துட்டேன்."

"பிரஷ் இருக்குடா," என்றாள். சட்டைகளை வாங்கி மாட்டினாள். அவற்றில் இல்லத்துச் சலவை வாசனை அடித்தது. மூன்றாவது சட்டை அவளே தைத்துக் கொடுத்தது, காலர் ஓரம் நைந்திருந்தது. அவன் தங்க வரவில்லை. அவளுடைய பொய்க்கு வேண்டிய சாமான்களை எடுத்துக்கொண்டு வந்திருந்தான்.

கணவன் அவனைத் தூக்கிக் கட்டிலில் சாய்த்து உட்காரவைத்தான். பதினோரு மணிக்கு அதிகாரி வந்தாள். ஐம்பதைத் தொடும் பெண், கையில் காகிதம் செருகிய அட்டை, காலையிலிருந்து இது எத்தனையாவது வீடோ, நடையிலேயே களைப்பு தெரிந்தது. சரிவை அளந்தாள், கதவை அளந்தாள், குளியலறையை எட்டிப் பார்த்தாள். டம்ளரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு அறைக்குள் வந்து குனிந்து, கட்டில் காலடியில் கிடந்த சிவப்பு நூல் ஒன்றை எடுத்தாள்.

"இங்க தையல் வேல நடக்குதா? இது அவருக்குன்னு ஒதுக்கின ரூமாச்சே?"

கட்டிலில் சாய்ந்திருந்த தம்பி சாவகாசமாகச் சொன்னான்.

"நான்தாங்க அக்காவ இங்க வந்து தைக்கச் சொல்றது. நாளெல்லாம் தனியாக் கெடந்தா பைத்தியம் புடிச்சிரும். மெஷின் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்தா வீட்ல ஆளு இருக்குன்னு இருக்கும்."

அதிகாரி தலையாட்டி எழுதிக்கொண்டாள். அது பொய்தான். ஆனால் அதில் எந்த வார்த்தை பொய் என்று தேடிப் பார்த்தால், 'சொல்றது' என்ற ஒன்றைத் தவிர அவளுக்கு வேறு அகப்படவில்லை.

"கட்டில்ல இருந்து வீல்சேருக்கு எப்படி மாத்துறீங்க? ஒரு தடவ செஞ்சு காட்டுங்க. இன்னொரு கம்பி தேவைப்பட்டா எழுதித் தரணும்."

"நான் தூக்குறேங்க," என்று கணவன் முன்னால் வந்தான்.

"நீங்க வேலைக்குப் போயிட்டா? பகல்ல யாரு?"

"நான்தான்," என்றாள் அவள்.

"அப்ப நீங்க செய்ங்க."

கை முடியாது என்றால் பகலில் யார் பார்க்கிறார்கள் என்ற கேள்வி வரும், வீடு போகும். முடியும் என்றால் நூற்றைம்பது ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பியிடம் சொன்ன பொய் ஒரே நொடியில் அம்பலமாகும். தம்பி அவளைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கு வசதியாக இருக்கட்டும் என்றுதான் அப்படிப் பார்க்கிறான் என்று தோன்றியபோது அவள் கூனிக் குறுகிப்போனாள்.

கிட்டே போனாள். ஒரு கை முதுகுக்குப் பின்னால், ஒரு கை முழங்காலுக்குக் கீழே. அவன் பழைய பழக்கத்தில் அவள் கழுத்தைச் சுற்றிப் பிடித்துக்கொண்டான். உடம்பு எதையும் மறந்திருக்கவில்லை. ஒரே மூச்சில் தூக்கி, அரை வட்டம் திரும்பி, நாற்காலியில் உட்காரவைத்துவிட்டாள். அவ்வளவு லேசாக இருந்தான். கொஞ்சமாவது வலித்துத் தொலையேன் என்று மணிக்கட்டிடம் மனதுக்குள் கெஞ்சினாள். அது வலிக்கவில்லை.

"பழகின கை," என்றாள் அதிகாரி. முதல்முறையாகச் சிரித்தாள். "எத்தனையோ வீடு பாக்குறேன். கூடப் பொறந்தவங்கள இப்படி வச்சுப் பாக்குறவங்க ரொம்பக் கம்மிம்மா." காகிதத்தில் கையெழுத்துப் போட்டு, நகலைக் கிழித்து அவள் கையில் கொடுத்தாள். இதற்குப் பதிலாகக் கன்னத்தில் ஒரு அறை விட்டிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பாள்.

மத்தியானம் மூவரும் அந்த அறையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கணவன் தன் கிண்டலை விட்ட இடத்தில் தொடர்ந்தான், அதிகாரியின் நடையை நடித்துக் காட்டினான், தம்பி சிரித்துப் புரையேறினான். அவள் தண்ணீர் எடுத்துக் கொடுத்தபோது அந்தக் கையைப் பார்த்துச் சொன்னான்.

"கை நல்லாயிடுச்சுக்கா."

அவன் கேட்கவில்லை. குத்திக்காட்டவும் இல்லை. மழை நின்றுவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னான். "ம்," என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனை எடுத்ததும் அவன் என்ன கேட்பான் என்ற யோசனை வந்தது. கேட்க அவனுக்கு ஒன்றுமில்லை. சொல்ல அவளுக்கும் ஒன்றுமில்லை.

சாப்பிட்டு முடித்ததும் குளியலறைக்குத் தானே உருட்டிக்கொண்டு போய்விட்டு வந்தான். சட்டைகளை எடுத்துத் தரச் சொல்லி, ஒவ்வொன்றாக மடித்துப் பைக்குள் வைத்தான். மாத்திரை, சீப்பு, பவுடர்.

"என்ன அவசரம் மாப்ள? சாயங்காலம் வரைக்கும் இருக்கலாமே," என்றான் கணவன். அதற்கு மேல் அவனும் சொல்லவில்லை.

"நாலு மணிக்கு வேன் சொல்லிட்டேன் மாமா. ராத்திரிச் சாப்பாடும் அங்க எடுத்து வைக்கச் சொல்லிட்டுத்தான் வந்தேன்."

வேன் வந்து நின்றது. சரிவில் நாற்காலியை இறக்கும்போது பின்னால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தவள் அவள்தான். பாதியில் நின்றாள். 'போக வேண்டாம்டா.' இரண்டே வார்த்தை. தொண்டை வரைக்கும் வந்துவிட்டன. இரவுகள் நினைவுக்கு வந்தன, வாடிக்கைக்காரர்கள் நினைவுக்கு வந்தார்கள், குளியலறைத் தரை நினைவுக்கு வந்தது.

"டேய்..."

"என்னக்கா?"

"துண்டக் கழுத்துல சுத்திக்கோ. காத்தடிக்குது."

சுற்றிக்கொண்டான். ஓட்டுநர் கதவை மூடப்போகையில் ஏதோ ஞாபகம் வந்தவனாக அவளைக் கூப்பிட்டான்.

"அந்தப் பிரஷ்ஷத் தூக்கிப் போட்டுறாதக்கா. இங்கயே இருக்கட்டும். அடுத்த வருஷமும் வருவாங்கல்ல."

வேன் திரும்பிப் போன பிறகும் சரிவிலேயே நின்றாள். உள்ளே மெஷினை அறைக்குத் தள்ளுகிற சத்தம் கேட்டது. "வந்து ஒரு கை பிடியேன்," என்று கணவன் கூப்பிட்டான். அவள் அங்கே போகாமல் குளியலறைக்குப் போனாள். டம்ளரில் மூன்று பிரஷ்களும் இருந்தன. காலையில் அவள் தரையில் தேய்த்த அதே பிரஷ்ஷின் அடியில் வெள்ளையாகப் பற்பசை ஒட்டியிருந்தது. படுத்துப்போன நார்கள் இன்னும் ஈரமாக இருந்தன.