பொத்தானை அமுக்காத மாமியார்

டேப்பில் எல்லோருடைய குரலும் விழுந்திருந்தது, என்னுடையதைத் தவிர.

மாமியாரின் தும்மல்கூட விழுந்திருந்தது. என் கொழுந்தன் கோவிந்தராஜ், இங்கே அந்தமானில் பெரார்கஞ்சில் பெய்த மழையை என் தங்கை சந்திரமதிக்கு விவரித்ததும் தெளிவாகக் கேட்டது. அவளைத்தான் அவனுக்குக் கேட்டிருந்தார்கள். கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணிடம் சொல்ல அவனுக்குக் கிடைத்தது மழை. என் கணவர் பன்னீர்செல்வம், சாத்தம் மர ஆலையில் குமாஸ்தா, வானொலிக்காரர் மாதிரி முன்னுரையும் முடிவுரையும் வாசித்திருந்தார். நடுவில் ஏழு நிமிடம் வெறும் இரைச்சல். அது நான்.

சம்மதம் சொல்லலாமா வேண்டாமா என்று நாகப்பட்டினத்தில் அப்பா இந்தக் கப்பலில் வரும் என் பதிலுக்காகக் காத்திருந்தார். நான் எழுதும் கடிதங்களை என் கணவர் படித்து, ஒற்றுப்பிழை திருத்தித்தான் தபாலில் சேர்ப்பார். அதனால் கஸ்பார் டேப் ரிக்கார்டரைக் கொடுத்தபோது எனக்குள் ஏதோ துள்ளியது. கஸ்பார் துறைமுகத்தில் ரேடியோ பழுது பார்ப்பவன். மைக்கை மாதா கோவிலில் இரவல் வாங்கி வந்திருந்தான்.

என் முறை வந்ததும், "எனக்கு வெட்கமாயிருக்கு, எல்லாரும் வெளிய போங்க" என்றேன். மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு தங்கையிடம் சொன்னேன்: உனக்கு டீச்சர் ட்ரெயினிங்கில் இடம் கிடைத்திருக்கிறது, போய்ச் சேர், இந்தக் கல்யாணத்துக்குத் தலையாட்டாதே. அது ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மீதி ஆறு நிமிடமும் என்னைப் பற்றியே பேசினேன். நீ என்ன நினைக்கிறாய் என்று இந்த வீட்டில் பத்து வருடமாக யாரும் என்னைக் கேட்டதில்லை என்றேன். சொன்ன பிறகுதான், நானே என்னைக் கேட்டதில்லை என்பது உறைத்தது.

பிறகு கணவர் உள்ளே வந்து முடிவுரை வாசித்தார். "டீக்கே, சரி. இனி போட்டுக் கேப்போம்" என்றார்.

போட்டுக் கேட்பார்கள் என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை. மாமியாரின் தும்மல் கடந்து போனது. அடுத்தது நான். இரைச்சல் வந்தது. தொடர்ந்து இரைச்சலே வந்தது. தப்பித்தேன் என்று விட்ட மூச்சு பாதி வழியிலேயே கோபமாகிவிட்டது. கொழுந்தனின் மழைக்குக் கிடைத்த இடம் எனக்குக் கிடையாதா?

"உப்புக்காத்து. இந்த ஊர்ல எதுதான் உருப்படியா இருக்கு" என்றார் கணவர்.

"அண்ணி மெதுவாப் பேசியிருப்பாங்க" என்றான் கோவிந்தராஜ். சத்தத்தை முழுக்கத் திருகினான். இரைச்சல் அருவியானது.

இரண்டு மணிக்கு டேப்பை வாங்கிப்போக கஸ்பார் வந்தான். கப்பலில் வேலை பார்க்கும் அவன் மச்சான் அதை நாகப்பட்டினத்தில் சேர்ப்பதாக ஏற்பாடு. கஸ்பார் ஸ்பிரிட்டும் பஞ்சும் வைத்து மெஷினைத் துடைத்தான், ஒயரை ஆட்டிப் பார்த்தான்.

"மெஷின் சுத்தமா இருக்கு சார். ஒண்ணு செய்யுங்க, காலைல மைக்கை யார் கையிலேர்ந்து யார் வாங்கினீங்களோ அப்படியே செஞ்சு காட்டுங்க."

போலீஸ் விசாரணை போல வரிசையாக உட்கார்ந்தோம். மைக்கில் ஒரு பொத்தான் இருந்தது. ஒருமுறை அமுக்கினால் பேசும், மறுமுறை அமுக்கினால் ஊமை. பேசி முடித்தவர் அமுக்கி அணைக்க வேண்டும், அடுத்தவர் அமுக்கித் திறக்க வேண்டும் என்பது என் கணவர் போட்ட சட்டம். கோவிந்தராஜ் பேசி, அணைத்துக் கொடுத்தான். மாமியாருக்கு அவனே திறந்துவிட்டான். மாமியார் மைக்கை முந்தானையால் பிடித்து, அப்படியே என்னிடம் நீட்டினார்.

"பெரியம்மா, நீங்க அமுக்கலையே?" என்றான் கஸ்பார்.

"கரண்டு சாமான்டா. பேசச் சொன்னான், பேசினேன். அமுக்கிச் சாகவா?"

பத்து வருடமாக மின்விசிறி போடக்கூட ஆளைக் கூப்பிடுகிறவர் அவர். திறந்திருந்த மைக்கைத்தான் நான் 'திறந்திருக்கிறேன்'. அதாவது மூடியிருக்கிறேன். பேசி முடித்த வேகத்தில் மறுபடி அமுக்க மறந்திருக்கிறேன். அடுத்து வந்த என் கணவர் அமுக்கியதும் அதற்கு உயிர் வந்திருக்கிறது.

"அவ்வளவுதான்க்கா. அந்த வெத்து எடத்துலயே மறுபடி பேசிடுங்க. ஜல்தி, மூணு மணிக்கு நான் கப்பல் ஜெட்டியில நிக்கணும்."

இந்த முறை யாரும் வெளியே போகவில்லை. பொத்தான் விஷயத்தில் என்னை நம்ப முடியாதாம். மாமியார் கட்டிலில் என்னை ஒட்டி உட்கார்ந்தார். எதிரே கணவரும் கொழுந்தனும். கணவர் உதட்டில் விரல் வைத்தார். ரிக்கார்டிங் ஓடும்போது மூச்சு விடக்கூடாது என்பதும் அவர் சட்டம்தான். கஸ்பார் மெஷினின் முள்ளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான்.

சௌக்கியமா என்று கேட்டுவிட்டு நிறுத்தியிருக்கலாம். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. காலையில் பேசிய அந்த ஏழு நிமிடக்காரி யாரென்று எனக்கு இன்னும் சரியாகத் தெரியாது. ஆனால் அவள் பேசியதை மறுபடி ஊமையாக்க மனம் வரவில்லை.

"சந்திரா, அக்கா பேசறேன். ட்ரெயினிங்ல போய்ச் சேரு. இந்தக் கல்யாணம் வேண்டாம்னு அப்பாகிட்ட நீயே சொல்லு."

கணவரின் வாய் திறந்து, சத்தமில்லாமல் மூடியது. குரல் கொடுத்தால் டேப்பில் விழும். அம்மாவைப் பார்த்து, அமுக்கு, அமுக்கு என்று கட்டைவிரலால் காற்றைக் குத்தினார். மாமியாரின் விரல் பொத்தான் வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றது. பிறகு முந்தானைக்குள் போய்விட்டது.

"இங்க வந்தா, விருந்தாளியா மட்டும் வந்து பாத்துட்டுப் போ" என்று முடித்து, பொத்தானை நானே அமுக்கினேன்.

"கஸ்பார், அதை மட்டும் அழிச்சிடு" என்றார் கணவர்.

"அழிக்கலாம் சார். ஆனா அடுத்தாப்புல உங்க முடிவுரை நிக்குது. அவசரத்துல கை கொஞ்சம் தவறினா அதுவும் போயிடும்." நடுவில் இன்னும் ஆறு நிமிட வெற்றிடம் மிச்சமிருந்ததை அவன் சொல்லவில்லை.

கணவர் சுருளையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முடிவுரையை மூன்று முறை எழுதி, அடித்து, நான்காவது முறை எழுதியதைத்தான் வாசித்திருந்தார். கப்பல் ஊதியது.

"எடுத்துட்டுப் போய்யா" என்றார்.

கோவிந்தராஜ் கஸ்பாருக்குப் பின்னாலேயே வாசல்வரை ஓடினான். "நான் சொன்ன மழை நல்லா விழுந்திருக்கில்ல?"

என் கணவர் ராத்திரிக்குள் என்னிடம் நிறையப் பேசுவார் என்று தெரிந்தது. "அம்மா, ஒரு பொத்தானை அமுக்க முடியலையா உன்னால?" என்று முதலில் மாமியாரிடம்தான் ஆரம்பித்தார்.

"ஷாக் அடிச்சுத் தொலைச்சா?" என்றார் மாமியார். எழுந்து சுவருக்குப் போய், மின்விசிறியைத் தானே போட்டுக்கொண்டு படுத்தார்.